பேசாப்பட வரலாற்று நாடகங்களும் சேகரிப்பாளர் வேட்கையும்: 'மார்த்தாண்ட வர்மா' படச்சுருளை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

தமிழ்த் திரைப்பட வரலாற்றைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் 1931ஆம் ஆண்டில் வெளிவந்த 'காளிதாஸ்' படத்திலிருந்தே தொடங்குகின்றனர். அதற்கு முன்னரே ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் தென்னிந்தியாவில் பேசாப்படங்கள் எடுக்கப்பட்டு வந்தன. எனினும் அக்காலப் பகுதி நம் பாடநூல்களில் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகின்றது. படங்கள் கிடைக்காமையே இதற்கு முதற்காரணம். கண்ணால் காணாத ஒன்றைப் பற்றி விரித்துரைப்பது எந்த ஆய்வாளர்க்கும் எளிதன்று.

இவ்வாறு மறைந்துபோன படங்களுள் அரசர், போர், அரண்மனைச் சூழ்ச்சி ஆகியவற்றைக் கதையாகக் கொண்ட வரலாற்று நாடகப்படங்கள் தனி ஈர்ப்புடையவை. உலகெங்கும் உள்ள திரைப்படச் சேகரிப்பாளர்கள் இவ்வகைப் படங்களைத் தேடி அலைவதைக் காண்கின்றோம். கிடைத்த படம் முழுமையாக இருக்க வேண்டும் என்றுகூட அவர்கள் எதிர்பார்ப்பதில்லை. சில அடி நீளமுள்ள துண்டுச் சுருளையும் பொன்னெனப் போற்றுகின்றனர். இவ்வேட்கை எதனால் எழுகின்றது? அது வரலாற்றுக்குத் துணை செய்கின்றதா, தடையாகின்றதா? கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் தமிழ் கற்பிக்கும் நமக்கு அதனால் ஆகக்கூடியது என்ன? இம்மூன்று வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தென்னிந்தியப் பேசாப்படங்களுள் முழுமையாக எஞ்சிய ஒரே படமாகிய 'மார்த்தாண்ட வர்மா' இவ்வாய்வுக்கு மையமாக அமைகின்றது.

எஞ்சியவையும் அழிந்தவையும்

தாதாசாகிப் பால்கேயின் 'ராஜா அரிச்சந்திரா' 1913ஆம் ஆண்டு மே மாதம் பம்பாயில் திரையிடப்பட்டது. அது முதல் 1930களின் தொடக்கம் வரை இந்தியாவில் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட பேசாப்படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றுள் முழுமையாகவோ துண்டாகவோ இன்று எஞ்சியிருப்பவை மிகச் சிலவே. 'ராஜா அரிச்சந்திரா'வின் நான்கு சுருள்களுள் முதலும் இறுதியுமே கிடைத்துள்ளன. அவையும் 1913ஆம் ஆண்டின் மூலப்படத்தைச் சேர்ந்தவையா, பால்கே 1917இல் மீண்டும் எடுத்த படத்தைச் சேர்ந்தவையா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

தென்னிந்தியாவின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. சென்னையில் மோட்டார் வாகன உதிரிப் பொருள் வணிகம் செய்துவந்த இரா. நடராச முதலியார் கீழ்ப்பாக்கத்தில் நிலையம் அமைத்து எடுத்த 'கீசக வதம்' தென்னாட்டின் முதல் கதைப்படமாகக் கொள்ளப்படுகின்றது. அப்படம் இன்று இல்லை. அது வெளிவந்த ஆண்டைக்கூட 1916 என்றும் 1917 என்றும் 1918 என்றும் நூல்கள் வெவ்வேறாகக் குறிப்பிடுகின்றன. பிறகு ஏ. நாராயணன் 1929இல் தொடங்கிய ஜெனரல் பிக்சர்ஸ் கார்ப்பரேஷன் முதலிய நிறுவனங்கள் சென்னையில் பல படங்களை எடுத்தன. தென்னாட்டில் உருவான பேசாப்படங்கள் நூற்றுக்கு மேற்பட்டவை எனக் கணக்கிடப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று நீங்கலாக ஏனைய யாவும் அழிந்தன.

இவ்வழிவுக்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம். முதலாவது, படச்சுருளின் இயல்பு. 1950களின் தொடக்கம் வரை திரையரங்குப் படங்கள் நைட்ரேட்டு எனப்படும் சுருளில் அச்சிடப்பட்டன. அச்சுருள் எளிதில் தீப்பற்றுவது. எரியும்போது தனக்கு வேண்டிய உயிர்வளியைத் தானே வெளியிடுவதால் நீரூற்றியும் அணைக்க இயலாதது. வெப்பமும் ஈரமும் மிக்க இடத்தில் அது பிசுபிசுத்து, பின்னர்ப் பொடியாய் உதிரும். இரண்டாவது, வணிகம். பேசும் படம் வந்தபின் பேசாப்படத்துக்கு விலையில்லை. சுருளில் படிந்திருந்த வெள்ளிக்கு மட்டும் விலையிருந்தது. ஆகவே பல படங்கள் வெள்ளிக்காக உருக்கப்பட்டன. மூன்றாவது, மனப்பான்மை. திரைப்படத்தைக் காத்து வைக்கத்தக்க ஆவணமாகப் படித்தவர்கள் கருதவில்லை. இந்தியத் தேசியத் திரைப்படக் காப்பகம் 1964ஆம் ஆண்டில்தான் பூனாவில் தொடங்கப்பெற்றது. அதற்குள் பேசாப்படக் காலம் முடிந்து முப்பதாண்டுகள் கடந்துவிட்டன.

'மார்த்தாண்ட வர்மா': படமும் வழக்கும்

வேணாட்டைத் திருவிதாங்கூராக விரிவுபடுத்தி 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா, 1741இல் குளச்சலில் டச்சுப் படையை வென்றவர். அவருடைய தலைநகரான பத்மநாபபுரம் இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. அவர் அரியணை ஏறுவதற்கு முன், எட்டுவீட்டில் பிள்ளைமாரும் தம்பிமாரும் அவருக்கு எதிராகச் செய்த சூழ்ச்சிகளைப் பொருளாகக் கொண்டு சி.வி. இராமன் பிள்ளை எழுதிய 'மார்த்தாண்ட வர்மா' என்னும் மலையாள வரலாற்றுப் புதினம் 1891இல் வெளிவந்தது. தமிழில் முதல் வரலாற்றுப் புதினமாகக் கருதப்படும் தி.த. சரவணமுத்துப் பிள்ளையின் 'மோகனாங்கி' 1895இல் தோன்றியது என்பதை இங்கு ஒப்புநோக்கலாம்.

இப்புதினத்தைப் படமாக்கியவர் நாகர்கோயிலைச் சேர்ந்த ஆர். சுந்தர்ராஜ். 'விகதகுமாரன்' என்னும் முதல் மலையாளப் பேசாப்படத்தை எடுத்த ஜே.சி. டேனியலுக்கு அவர் உறவினர். ஸ்ரீ ராஜேஸ்வரி பிலிம்ஸ் என்னும் பெயரில் அவர் தொடங்கிய நிறுவனத்துக்காக பி.வி. ராவ் படத்தை இயக்கினார். படம் திருவனந்தபுரம் கேப்பிடல் திரையரங்கில் வெளியிடப்பட்டது. ஆயின் புதினத்தின் பதிப்புரிமையைப் பெற்றிருந்த கமலாலயா புத்தக நிலையத்தாரின் இசைவைப் படத்தயாரிப்பாளர் பெறவில்லை. வழக்குத் தொடுக்கப்பட்டது, படப்பிரதி கைப்பற்றப்பட்டது, திரையிடல் நின்றது. இலக்கியப் பதிப்புரிமை தொடர்பாக இந்தியத் திரையுலகில் எழுந்த முதல் வழக்கு இதுவென்பர். பெரும்பொருள் இழந்த சுந்தர்ராஜ் திரைத்துறையை விட்டு விலகினார்.

ஏறத்தாழ நாற்பதாண்டுகள் அப்பிரதி புத்தக நிலையத்தார் வசமே கிடந்தது. தேசியத் திரைப்படக் காப்பகத்தின் நிறுவனரும் திருவனந்தபுரத்தில் பிறந்தவருமான பி.கே. நாயர் அதன் இருப்பை அறிந்தார். 1974இல் காப்பகம் அதனைப் பெற்றது.

இவ்வரலாற்றில் ஒரு முரணைக் காண்கின்றோம். வழக்கின்றி ஓடியிருந்தால் இப்படம் ஊர் ஊராகச் சுற்றியிருக்கும்; கீறல் விழுந்து தேய்ந்திருக்கும்; இறுதியில் வெள்ளிக்காக உருக்கப்பட்டிருக்கவும் கூடும். மக்கள் விரும்பிக் கண்ட படங்கள் அவ்விருப்பத்தாலேயே அழிந்தன. தோல்வியுற்ற படமோ ஒரு புத்தகக் கடையில் அடைபட்டுக் கிடந்ததால் எஞ்சியது. எஞ்சிய படங்களை மட்டும் கொண்டு ஒரு காலத்தின் சுவையை அளந்துவிடக் கூடாது என்னும் எச்சரிக்கையை இதிலிருந்து நாம் பெறுகின்றோம். 'மார்த்தாண்ட வர்மா' அக்காலத் தென்னிந்தியப் படங்களின் மாதிரி அன்று. அது ஒரு விதிவிலக்கு.

ஒரு சுருளில் மூன்று காலங்கள்

அரிய பொருள் என்பதால் மட்டும் சேகரிப்பாளர் வரலாற்று நாடகப்படங்களை நாடுவதில்லை. அருமை என்பது எல்லாப் பேசாப்படங்களுக்கும் பொது. வரலாற்று நாடகப்படத்துக்குச் சிறப்பாக உரியது வேறொன்று. அத்தகைய படத்தின் ஒரே சுருளில் மூன்று காலங்கள் அடுக்காகப் படிந்துள்ளன.

முதலாவது, கதை நிகழும் காலம். 'மார்த்தாண்ட வர்மா'வில் அது பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதி. வாளும் கவசமும் அரண்மனையும் போர்க்களமும் காண்போரைக் கவர்கின்றன. சேகரிப்பாளர் பலர் முதலில் ஈர்க்கப்படுவது இதனாலேயே. எனினும் வரலாற்றுச் சான்று என்னும் வகையில் மூன்றனுள் வலுக்குறைந்தது இதுவே. படம் புதினத்தைத் தழுவியது. புதினமோ ஆங்கில எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டின் கதைமரபை ஒட்டியது. ஆகவே இப்படத்தைக் கொண்டு 1729ஆம் ஆண்டின் வேணாட்டை அறிய முயல்வது பயன் தராது.

இரண்டாவது, படம் எடுக்கப்பட்ட காலம். 1930களின் தொடக்கத்தில் நாகர்கோயில், திருவனந்தபுரம் பகுதியில் வாழ்ந்த மனிதரின் முகம், நடை, உடை, அணி, கட்டடம், மரம், வெயில் யாவும் ஒளிப்படக் கருவியின் முன் இயல்பாக நின்றன. பதினெட்டாம் நூற்றாண்டைக் காட்ட முயன்றவர்கள், தாம் அறியாமலேயே தம் நூற்றாண்டைப் பதிவு செய்துவிட்டனர். இப்படத்தில் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு ஊர்வலக் காட்சியும் இடம்பெறுகின்றது. ஊர்வலத்தில் அன்றைய மன்னர் சித்திரைத் திருநாளைக் காண்கின்றோம். கதைக்குள் செருகப்பட்ட இச்செய்திப்படத் துண்டு வரலாற்றாசிரியர்க்குக் கிடைத்த பெருங்கொடை. படம் வெளிவந்த ஆண்டை 1931 என்று சிலரும் 1933 என்று சிலரும் கூறுவர். சித்திரைத் திருநாள் முழு ஆட்சிப் பொறுப்பை ஏற்றது 1931 நவம்பரில் என்பதை இத்துண்டோடு இணைத்து நோக்கும்போது, ஆண்டைப் பற்றிய உரையாடலுக்குப் படத்தின் உள்ளிருந்தே ஒரு சான்று கிடைக்கின்றது. 'கீசக வதம்' பற்றிய ஆண்டுக் குழப்பத்தைத் தீர்க்க இத்தகைய அகச்சான்று நம்மிடம் இல்லை. படம் இருப்பதற்கும் இல்லாமைக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

மூன்றாவது, படப்பிரதியின் காலம். ஒவ்வொரு பிரதிக்கும் தனி வரலாறு உண்டு. எங்கே ஒட்டப்பட்டது, எந்தக் காட்சி வெட்டப்பட்டது, எம்மொழியில் எழுத்துப்பலகை சேர்க்கப்பட்டது என்பன பிரதியிலேயே பதிந்துள்ளன. பேசாப்படத்தில் காட்சிகளுக்கிடையே உரையாடலையும் விளக்கத்தையும் தாங்கி வரும் எழுத்துப்பலகைகள் இலக்கிய ஆய்வாளராகிய நமக்கு மிக அணுக்கமானவை. 'மார்த்தாண்ட வர்மா'வில் அவை ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் அமைந்துள்ளன. அவற்றுள் சில புதினத்திலிருந்தே எடுக்கப்பட்டவை. எழுதப் படிக்கத் தெரியாதோரும் படத்தைக் கண்டனர். அவர்களுக்காக அரங்கிலேயே ஒருவர் நின்று பலகையை வாய்விட்டுப் படித்துக் கதை விளக்கும் வழக்கம் தென்னாட்டில் இருந்தது. பேசாப்படம் என்று பெயர் பெற்றாலும் அதன் அரங்கு ஓசை மிக்கது. எழுத்தும் வாய்மொழியும் சந்தித்த இடம் அது.

கதை நிகழும் காலத்தால் ஈர்க்கப்பட்டு வரும் சேகரிப்பாளர், பழகப் பழக மற்ற இரண்டு காலங்களில் ஆழ்ந்துவிடுகின்றார். வேட்கை அறிவாக மாறும் இடம் அதுவே.

சேகரிப்பாளர் மீட்ட வரலாறு

உலகத் திரைப்பட வரலாற்றில் தனிமனிதரின் இவ்வேட்கை பெரும்பணி ஆற்றியுள்ளது. ஆபெல் கான்ஸ் 1927இல் எடுத்த 'நெப்போலியன்' என்னும் நெடிய வரலாற்றுப்படம் பல துண்டுகளாகச் சிதறிப் போயிருந்தது. வீட்டில் காண்பதற்கெனச் சிறிய அளவில் அச்சிடப்பட்ட அதன் இரு சுருள்கள் 1954இல் இலண்டனில் கெவின் பிரவுன்லோ என்னும் பள்ளிச் சிறுவரின் கைக்கு வந்தன. அவர் அத்துடன் நிற்கவில்லை. ஏனைய துண்டுகளைப் பல நாடுகளில் தேடி இணைக்கும் பணியில் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். 1980இல் இலண்டனில் நேரடி இசையுடன் அப்படம் மீண்டும் திரையேறியது. கார்ல் டிரையரின் 'ஜோன் ஆப் ஆர்க்கின் பாடுகள்' 1928இல் வெளிவந்தது. அதன் மூலச்சுருள் தீக்கிரையானது. அரைநூற்றாண்டுக்குப் பின், 1981இல், மூலவடிவின் பிரதியொன்று நார்வே நாட்டு மனநல மருத்துவமனை ஒன்றின் அலமாரியில் அகப்பட்டது.

இந்தியக் கதைகளும் இவ்வாறு அயல்நாடுகளில் உயிர்பிழைத்தன. ஹிமான்சு ராய், செருமானிய இயக்குநர் பிரான்ஸ் ஆஸ்டன் ஆகியோர் கூட்டுழைப்பில் உருவான 'ஆசிய ஜோதி' (1925), தாஜ்மகாலின் தோற்றத்தைப் பற்றிய 'ஷிராஸ்' (1928), 'பிரபஞ்ச பாஷ்' (1929) ஆகிய மூன்றும் ஐரோப்பாவிலும் திரையிடப்பட்டமையால் அங்குள்ள காப்பகங்களில் எஞ்சின. 'ஷிராஸ்' 2017இல் புதுப்பிக்கப்பட்டு அனுஷ்கா சங்கரின் இசையுடன் வெளியிடப்பட்டது. 1919இல் கல்கத்தாவின் எல்பின்ஸ்டன் நிறுவனம் எடுத்த 'பில்வமங்கள்' படத்தின் ஒரு பகுதி பாரிசு நகரக் காப்பகத்தில் இருந்து 2016இல் இந்தியாவுக்குத் திரும்பியது. 1927இல் ஷாங்காயில் எடுக்கப்பட்ட 'சிலந்திக் குகை' என்னும் சீனப்படம் நார்வே தேசிய நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது.

இக்கண்டுபிடிப்புகள் பலவற்றில் பொதுவான ஒரு கூறு உண்டு. படம் பிறந்த ஊரில் அழிந்தது. அது பயணம் செய்து ஓய்ந்த கடைசி ஊரில் எஞ்சியது. திருப்பியனுப்பும் கூலி படத்தின் விலையை மிஞ்சியபோது, கடைசித் திரையரங்கிலேயே அது கைவிடப்பட்டது. கனடாவின் வடகோடியில் உள்ள டாசன் நகரில் 1978இல் நிலத்துக்கடியிலிருந்து 533 சுருள்கள் தோண்டி எடுக்கப்பட்டமை இதற்கு நல்ல சான்று. இக்கூற்றை மனத்தில் இருத்தியே நம் நாட்டை நாம் நோக்க வேண்டும். சென்னை, பம்பாய் ஆகிய துறைமுகங்களிலிருந்து கப்பலேறிய படங்களுக்கு மலாயா அத்தகைய தொலைவூர்களுள் ஒன்றாக இருந்தது.

அருமையும் உடைமையும்

சேகரிப்பாளரின் வேட்கை எப்போதும் நன்மையே தரும் என்று கூறிவிட முடியாது. பிறரிடம் இல்லாதது தம்மிடம் இருக்க வேண்டும் என்னும் எண்ணம் அதன் வேரில் உள்ளது. ஒரே பிரதி என்பதால் விலை உயர்கின்றது. படியெடுத்தால் அருமை குறையும் என்னும் அச்சமும் உடன் எழுகின்றது. வரலாற்றுக்கோ படியெடுத்தலே உயிர். பூட்டிய பெட்டிக்குள் தனித்துக் கிடக்கும் சுருள், உரியவர் அறியாமலேயே, ஆண்டுதோறும் சிறிது சிறிதாக அழிந்துகொண்டிருக்கும். ஏட்டுச்சுவடிகளைப் படியெடுக்க விடாமல் வைத்திருந்து செல்லுக்கு இரையாக்கிய குடும்பங்களை உ.வே. சாமிநாதையர் கண்டு வருந்திய வரலாறு தமிழாசிரியர்க்குப் புதிதன்று. படச்சுருளின் கதையும் அதுவே.

அரசு காப்பகத்தில் ஒப்படைத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று கருதுவதும் பொருந்தாது. 2003ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பூனாவில் நிகழ்ந்த தீவிபத்தில் காப்பகத்துக்குரிய நைட்ரேட்டுச் சுருள்கள் பெருமளவில் எரிந்து போயின. ஒரே இடத்தில் ஒரே பிரதி என்னும் நிலை யார் கையில் இருந்தாலும் இடர் மிக்கதே. தனியார் வேட்கையும் பொதுக் காப்பகமும் ஒன்றுக்கொன்று துணையாக அமைதல் வேண்டும்.

இத்துணைமைக்குத் தமிழகத்தில் நல்ல முன்மாதிரி உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா தம் வாழ்நாள் முழுவதும் நூல்கள், இதழ்கள், நாடக அறிவிப்புகள், பாட்டுப் புத்தகங்கள் ஆகியவற்றைத் திரட்டினார். அவர் 1992இல் மறைந்தபின் சிக்காகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பைப் பெற்று, தமிழகத்திலேயே வைத்துக் காக்கும் ஏற்பாட்டைச் செய்தது. 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. தொகுப்பு நாடு கடந்து செல்லவில்லை. ஆய்வாளர் யாவர்க்கும் திறந்துவிடப்பட்டது. திரைப்படச் செய்திகளையும் ஒளிப்படங்களையும் திரட்டிய 'பிலிம் நியூஸ்' ஆனந்தன், பேசாப்படக் காலத்தை ஆவணங்களின் துணைகொண்டு எழுதிய சு. தியடோர் பாஸ்கரன் ஆகியோரின் உழைப்பும் இங்கு நினைக்கத்தக்கது. படங்கள் அழிந்த பின்னும் தாள்கள் பேசும் என்பதை அவர்கள் நிறுவினர்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் தேடத்தக்கவை

இக்கண்ணோட்டத்தில் நம் சூழலை நோக்குவோம். நம் வட்டாரத்தின் இழப்பும் சிறிதன்று. 1927இல் சிங்கப்பூரில் எடுக்கப்பட்ட 'புதிய குடியேறி' என்னும் சீனப் பேசாப்படமும், பி.எஸ். ராஜான்ஸ் இயக்கத்தில் 1933இல் உருவான முதல் மலாய்ப் படமாகிய 'லைலா மஜ்னு'வும் இன்று இல்லை. அவற்றைப் பற்றி நாம் அறிவன யாவும் நாளிதழ்களும் விளம்பரங்களும் தந்தவை.

கோலாலம்பூரின் சராசரி வெப்பநிலையும் காற்றின் ஈரமும் நைட்ரேட்டுச் சுருளுக்குப் பகை. எனவே 1920களின் படச்சுருள் நம் வீடுகளில் அகப்படும் என்று எதிர்பார்ப்பது மிகையாகும். ஆயினும் மூன்று வகைச் சான்றுகளை நாம் தேடலாம்.

முதல்வகை, நாளிதழ்கள். 'தமிழ் நேசன்' 1924ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் தொடங்கப்பெற்று 2019இல் நின்றது. அதன் முதல் ஏழாண்டுகள் பேசாப்படக் காலத்தோடு ஒன்றியவை. 1935இல் சிங்கப்பூரில் தொடங்கிய 'தமிழ் முரசு' அடுத்த கட்டத்துக்கு உதவும். திரையரங்கு விளம்பரங்களை நாள்வாரியாகத் தொகுத்தால், எந்தப் படம் எப்போது இங்கு வந்தது, யாருக்காக விளம்பரம் செய்யப்பட்டது என்பன தெளிவாகும். அழிந்துபோன படங்களின் ஆண்டுக் குழப்பங்கள் சிலவற்றைத் தீர்க்கும் சான்று சென்னையில் இல்லாமல் இங்கே கிடைப்பதற்கும் வாய்ப்புண்டு.

இரண்டாம் வகை, அரங்குகளும் அவற்றைச் சார்ந்த சிறு வெளியீடுகளும். இன்றைய துவாங்கு அப்துல் ரகுமான் சாலையில் 1920களின் தொடக்கத்திலிருந்து விளங்கிவந்த கொலிசியம், பின்னாளில் தமிழ்ப்படங்களுக்குப் பெயர் பெற்றது. பிரிக்பீல்ட்ஸ் லீடோ, கிள்ளான் ஸ்ரீ இந்தான் ஆகிய அரங்குகளின் பெயரைக் கேட்டதும் நினைவுகளைச் சொல்லத் தொடங்கும் முதியோர் நம்மிடையே உள்ளனர். இவ்வரங்குகளின் வாயிலில் விற்கப்பட்ட பாட்டுப் புத்தகங்களும் கதைச்சுருக்க அறிவிப்புகளும் பல இல்லங்களில் இருந்தன. பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே ஊழியர்க்கெனக் கட்டப்பட்ட குடியிருப்புகள் இடிக்கப்பட்டபோதும், தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் இடம்பெயர்ந்தபோதும், பழைய பெட்டிகளோடு இத்தாள்கள் எத்தனை அழிந்தன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் வகை, பதினாறு மில்லிமீட்டர் படச்சுருள்கள். தோட்டத்துத் திடல்களில் வெள்ளைத்துணி கட்டிப் படம் காட்டும் வழக்கம் பல ஆண்டுகள் நிலவியது. அதற்குப் பயன்பட்ட சுருள்கள் தீப்பற்றாத வகையைச் சேர்ந்தவை. அவை பேசும் படங்களே எனினும், 1940களிலும் 1950களிலும் வந்த தமிழ் வரலாற்றுப் படங்களின் அரிய பிரதிகள் அவற்றுள் இருத்தல் கூடும். பேசாப்படங்களுக்கு நேர்ந்த கதி இவற்றுக்கும் நேராமல் தடுப்பதே இன்று நம்மால் ஆகக்கூடியது.

இவ்வகைப் பொருள் கையில் கிடைத்தால் ஆசிரியரும் மாணவரும் கவனிக்க வேண்டியன சில. பழைய சுருளைக் கருவியில் மாட்டி ஓட்டிப் பார்த்தல் கூடாது. சுருங்கிய சுருள் கிழிந்துவிடும். புளிக்காடி வாடை வீசினால் அசிட்டேட்டுச் சுருள் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதனைப் பிற சுருள்களிலிருந்து உடனே பிரித்து வைக்க வேண்டும். முப்பத்தைந்து மில்லிமீட்டர்ச் சுருளாயின், அது நைட்ரேட்டாகவும் இருக்கலாம் என்று கொண்டு, வல்லுநரை அணுகுதல் வேண்டும். யாவற்றினும் முதன்மையானது குறிப்பெழுதுதல். பொருள் எங்குக் கிடைத்தது, எவ்வாறு அக்குடும்பத்துக்கு வந்தது, எந்த நிலையில் இருந்தது என்பவற்றை அன்றே எழுதி வைத்தல் வேண்டும். இடமும் வழியும் தெரியாத அரிய பொருள் வெறும் காட்சிப்பொருளாகவே நின்றுவிடும். 'மார்த்தாண்ட வர்மா' எவ்வழியாக எந்தக் கடைக்கு வந்தது என்பதை நாம் அறிவோம். ஆகவே அதன் வரலாற்றை எழுத முடிகின்றது. 'ராஜா அரிச்சந்திரா'வின் எஞ்சிய சுருள்கள் எந்த ஆண்டுக்குரியவை என்னும் ஐயம் இன்னும் நீங்கவில்லை.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்கும்போது மூன்று முடிவுகளுக்கு வருகின்றோம். அரிய பேசாப்பட வரலாற்று நாடகங்கள் சேகரிப்பாளரை ஈர்ப்பதற்கு அவற்றின் அருமை மட்டும் காரணமன்று. கதை நிகழும் காலம், படமெடுத்த காலம், பிரதியின் காலம் ஆகிய மூன்றையும் ஒருங்கே தாங்கியிருப்பதே காரணம். அம்மூன்றனுள் வரலாற்றாசிரியர்க்கு உறுதியான சான்று தருவன பின்னிரண்டே. சேகரிப்பாளரின் வேட்கை, படியெடுத்தலோடும் குறிப்பெழுதுதலோடும் சேரும்போதே பொதுச் சொத்தாகின்றது.

தென்னாட்டின் நூற்றுக்கு மேற்பட்ட பேசாப்படங்களுள் ஒன்று எஞ்சியது. அதுவும் ஒரு வழக்கின் தற்செயலால் எஞ்சியது. இனி எஞ்ச வேண்டியவற்றைத் தற்செயலின் பொறுப்பில் விட்டுவிட இயலாது. மலேசியத் தமிழர் கண்ட படங்களைப் பற்றிய தாள்களும் நினைவுகளும் இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. இடைநிலைப்பள்ளித் தமிழ்மொழிக் கழகங்களும் பல்கலைக்கழக மாணவர்களும் தத்தம் ஊர்த் திரையரங்கு ஒன்றைத் தேர்ந்து, அதன் விளம்பரங்களையும் பாட்டுப் புத்தகங்களையும் முதியோர் நினைவுகளையும் திரட்டினாலே போதும். ஒரு தொகுப்பின் இரு படிகளைப் பள்ளியில் ஒன்றும் நூலகத்தில் ஒன்றுமாக வைத்தல் பெருஞ்செலவாகும் பணியன்று. அப்பணியை நம் ஆசிரியர்கள் இவ்வாண்டே தொடங்குதல் நன்று.